ஒரு பாட்டில் இரண்டு மாதம் வருகிறது: திரவக் கொசுவிரட்டி பற்றி ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

கேள்வி, 9 அக்டோபர் 2025, காலை

எங்கள் வீட்டில் திரவக் கொசுவிரட்டி மெஷின் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அறையில் ஒன்பது மாதக் குழந்தை இருப்பதால் சன்னல்களை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறோம். மெஷினில் விளக்கு எரிகிறது, பாட்டிலில் திரவமும் இருக்கிறது, ஒரு பாட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. ஆனாலும் காலையில் பார்த்தால் குழந்தையின் நெற்றியிலும் கைகளிலும் தடிப்புகள். கொசுக்கள் மருந்துக்குப் பழகிவிட்டனவா, அல்லது மருந்தின் வீரியத்தைக் குறைத்துவிட்டார்களா? புகை வராத பொருள்தானே, இன்னொரு மெஷினையும் சேர்த்து மாட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

9 அக்டோபர் 2025, இரவு

இரண்டாவது மெஷினை மாட்ட வேண்டாம். புகை வரவில்லை என்பதற்கு எதுவும் வரவில்லை என்று பொருள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் பூச்சிக்கொல்லியை அறைக்குள் விடுவதற்காகவே அந்தக் கருவி செய்யப்பட்டிருக்கிறது.

பாட்டிலில் இருப்பதில் பெரும்பகுதி மணம் நீக்கிய மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு மட்டுமே மருந்து. பெரும்பாலும் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் அல்லது பிராலெத்ரின் என்று லேபிளில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, பாட்டிலின் நடுவில் நிற்கும் நுண்துளைக் குச்சியின் வழியாகத் திரவம் மேலேறுகிறது. குச்சியின் நுனியைச் சுற்றியுள்ள வளையம் சூடாகி அதை ஆவியாக்குகிறது. அந்த ஆவி கொசுவின் உடலுக்குள் சென்றதும் நரம்புச் செல்லின் உறையில் உள்ள சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒரு முறை துடித்து அடங்க வேண்டிய நரம்பு அடங்காமல் துடிக்கிறது, கொசு நிலைகுலைந்து கீழே விழுகிறது. மனித நரம்பிலும் இதே வாயில்கள் உண்டு. நம் உடலின் பருமனும், உடல் வெப்பமும், கல்லீரல் இந்த மருந்தை வேகமாகச் சிதைப்பதும் நம்மைக் காக்கின்றன.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கொசுக்கள் எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது. மெஷின் ஓடுகிறது, மருந்து இருக்கிறது, கொசு சாகவில்லை என்றால் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

10 அக்டோபர் 2025, காலை

நேற்று சொன்னதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எதிர்ப்புத்திறன் என்பது ஒரு கொசு தன் வாழ்நாளில் மருந்துக்குப் பழகிக்கொள்வது அல்ல. மருந்து பிடித்துக்கொள்ளும் அந்தச் சோடியம் வாயிலின் அமைப்பில் ஒரே ஓர் அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் சிறு அலகு) மாறிப் பிறக்கும் கொசுக்கள் சில எப்போதும் இருக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்று இவற்றை விட்டுவைக்க, இவற்றின் சந்ததி பெருகுகிறது. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசுவில் அந்த மாற்றம் பெரும்பாலும் அமினோ அமில வரிசையின் 1014ஆவது இடத்தில் காணப்படுகிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவில் 1016, 1534 ஆகிய இடங்கள் பெயர்பெற்றவை. இது தவிர, மருந்தைச் சிதைக்கும் நொதிகளைக் கூடுதலாகச் சுரக்கும் கொசுக்களும் உண்டு.

ஒரு நிறுவனத்தின் பாட்டிலை விட்டு இன்னொரு நிறுவனத்தின் பாட்டிலுக்கு மாறுவதால் பெரிய மாற்றம் ஏற்படாது. டிரான்ஸ்ஃப்ளூத்ரின், பிராலெத்ரின், அல்லெத்ரின், மெட்டோஃப்ளூத்ரின் ஆகிய எல்லாமே பைரித்ராய்டு என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கொசுவின் நரம்பில் அவை தட்டுவதும் ஒரே கதவைத்தான்.

12 அக்டோபர் 2025, பிற்பகல்

என் முதல் பதில் தவறு. கேள்வியை இன்று மறுபடி படித்தபோதுதான் அதிலேயே விடை இருந்தது தெரிந்தது. அதை நான் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன்.

என் மகளுக்கு நான்கு வயதில் இரவு நேர இருமல் தொடங்கியபோது, அறைக்குள் எவ்வளவு மருந்து போகிறது என்று தெரிந்துகொள்ள நான் ஒரு சோதனை செய்தேன். அந்த நோட்டுப் புத்தகத்தை இப்போது தேடி எடுத்தேன். கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய தராசில் புதுப் பாட்டிலை நிறுத்தேன். பத்து இரவுகள், இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடிய பின் மீண்டும் நிறுத்தபோது 9.1 கிராம் குறைந்திருந்தது. மணிக்கு 0.114 கிராம். பாட்டில் 45 மில்லிலிட்டர். அந்தத் திரவம் தண்ணீரைவிட லேசானது, மில்லிலிட்டருக்கு 0.8 கிராம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 36 கிராம். ஆகவே ஒரு பாட்டில் ஏறத்தாழ 315 மணி நேரம் வர வேண்டும்.

இரவும் பகலும் நிறுத்தாமல் ஓட்டினால் 315 மணி நேரம் என்பது 13 நாள். நீங்கள் சொல்வதோ இரண்டு மாதம், அதாவது 1,440 மணி நேரத்துக்கும் மேல். மெஷினில் இரண்டு வேகங்கள் இருந்து நீங்கள் குறைந்த வேகத்தில் வைத்திருந்தாலும் நான்கரை மடங்கு வித்தியாசம் வராது. உங்கள் பாட்டிலில் இருந்து மருந்து வர வேண்டிய அளவில் வெளியே வரவே இல்லை என்பதுதான் இதற்குப் பொருள். கொசுக்கள் மருந்தை எதிர்த்து நிற்கின்றனவா என்பதைச் சொல்ல, முதலில் மருந்து அவற்றைச் சென்று சேர்ந்திருக்க வேண்டும்.

12 அக்டோபர் 2025, அரை மணி நேரம் கழித்து

எப்படிச் சோதிப்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். விளக்கு எரிவதை நம்ப வேண்டாம். பல மெஷின்களில் அந்த விளக்கு தனிப் பாதையில் மின்சாரம் பெறுகிறது. சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும், வளையம் சூடாகிறதா என்பதைச் சொல்லாது. சூடேற்றுவது ஒரு சிறிய பீங்கான் வில்லை. சூடு ஏற ஏறத் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டு ஒரே வெப்பநிலையில் நிற்கும் வகையைச் சேர்ந்தது. அது விரிசல் விட்டாலோ அதன் தொடுமுனை கழன்றாலோ வளையம் குளிர்ந்துவிடும், விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

மெஷினை அரை மணி நேரம் ஓடவிட்டு, மேல் துவாரத்துக்கு மேலே ஓர் அங்குல உயரத்தில் புறங்கையைப் பிடித்துப் பாருங்கள். சூடு தெரிய வேண்டும். துவாரத்துக்குள் விரலோ கம்பியோ நுழைக்கக் கூடாது, உள்ளே மின்சாரம் இருக்கிறது. பிறகு மெஷினைச் சாக்கெட்டில் இருந்து கழற்றி, ஆறவிட்டு, பாட்டிலைத் திருகி எடுத்துக் குச்சியின் நுனியைப் பாருங்கள். குச்சி வளையத்தின் நடுவே சரியாக நிற்க வேண்டும். பாட்டில் கடைசிச் சுற்று வரை ஏறாமல் இருந்தால் நுனி வளையத்துக்குக் கீழேயே நின்றுவிடும்.

15 அக்டோபர் 2025, இரவு

வளையம் ஜில்லென்று இருந்ததாகக் கேட்டவர் எழுதியிருக்கிறார். புது மெஷின் வாங்கி இரண்டு இரவுகள் ஆகின்றனவாம், குழந்தையின் உடம்பில் ஒரு தடிப்பு கூட இல்லையாம், விடிந்தபோது தரையில் ஆறேழு கொசுக்கள் கிடந்தனவாம். மெஷின் முன்போலவே இரவும் பகலும் ஓடுகிறது, சன்னல்களும் சாத்தியே இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்ததும் எனக்கு மனம் கனத்தது. இரண்டு நாள் முன்பு வரை அந்த அறையில் இருந்தது வேலை செய்யாத மெஷின். கொசு கடித்தது உண்மை, ஆனால் குழந்தை மருந்தை அவ்வளவாகச் சுவாசிக்கவில்லை. இப்போது என் யோசனையால் உண்மையான மருந்து, நாளுக்கு 24 மணி நேரமும், மூடிய அறைக்குள் இறங்குகிறது.

கணக்கைச் சொல்கிறேன். என் பாட்டிலின் லேபிளில் டிரான்ஸ்ஃப்ளூத்ரின் 1.6 சதவீதம் என்று இருந்தது. மணிக்கு 0.114 கிராம் திரவம் என்றால், அதில் மருந்து 1.8 மில்லிகிராம். எட்டு மணி நேர இரவுக்கு 14.6 மில்லிகிராம், 24 மணி நேரத்துக்கு 44 மில்லிகிராம் வரை போகும். நீளம் 3.6 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.8 மீட்டர் கொண்ட அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கிறது. அந்தக் காற்று மணிக்கு ஒரு முறை முழுதாக மாறினால், கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் அளவில் மருந்து நிலைகொள்ளும். எல்லாவற்றையும் சாத்தி வைத்து இரண்டு மணிக்கு ஒரு முறைதான் காற்று மாறும் என்றால் அது 120 ஆகும். சன்னலைத் திறந்து மணிக்கு நான்கு முறை மாறவிட்டால் 15 தான். மெஷின் ஒன்றே, பாட்டில் ஒன்றே. சன்னல் மட்டும் எட்டு மடங்கு வித்தியாசத்தைச் செய்கிறது.

கைக்குழந்தை தன் எடையோடு ஒப்பிட்டால் நம்மைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்றைச் சுவாசிக்கிறது. தரையில் தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. தயவுசெய்து இன்றிரவே பகல் நேர ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். குழந்தைக்குக் கொசுவலை கட்டுங்கள். மெஷின் தேவை என்றால், குழந்தையைப் படுக்க வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு, குழந்தை அறையில் இல்லாதபோது ஓட்டுங்கள். பிறகு அணைத்து, சன்னலைக் கொசுத்தடுப்பு வலையோடு திறந்து வைத்துவிட்டுக் குழந்தையை வலைக்குள் படுக்க வையுங்கள்.

16 அக்டோபர் 2025, காலை

நேற்றைய கணக்கில் ஒரு குறை உண்டு. மருந்து முழுவதும் காற்றிலேயே மிதக்கும் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அதில் ஒரு பங்கு சுவரிலும் திரைச்சீலையிலும் தலையணையிலும் தரைத் தூசியிலும் படிந்துவிடுகிறது. ஆகையால் காற்றில் நிற்கும் அளவு நான் சொன்ன எண்களைவிடக் குறைவாகவே இருக்கும், அவற்றை உச்ச வரம்பாகக் கொள்ளுங்கள்.

இதை நிம்மதி தரும் செய்தியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. படிந்தது மெஷினை அணைத்த பின் சிறிது சிறிதாக மீண்டும் காற்றுக்கு வருகிறது. தவழும் குழந்தை கைவைப்பதும் அந்தத் தரையில்தான். நாள்தோறும் ஈரத் துணியால் தரையைத் துடைப்பதும், தலையணை உறையை அடிக்கடி துவைப்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன.

19 அக்டோபர் 2025

வேறொருவர், இந்த மருந்துகளின் மூலம் ஒரு பூதானே, பூவில் இருந்து வந்தது எப்படிக் கெடுதல் செய்யும், அப்படிப் பயம் இருந்தால் பழையபடி கொசுவர்த்திச் சுருளுக்கே திரும்பிவிடலாமே என்று கேட்டிருக்கிறார். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பூ என்பது உண்மை. செவ்வந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு வெண்ணிறப் பூவைக் காயவைத்து அரைத்த பொடியில் பைரித்ரின் என்னும் பொருள் இருக்கிறது. ஜப்பானில் எய்ச்சிரோ உயெயாமா என்பவர் 1890இல் அந்தப் பொடியைக் குச்சியாக்கினார். குச்சி ஒரு மணி நேரம் கூடத் தாங்காமல் எரிந்து முடிந்தது. பாம்பு சுருண்டு கிடப்பதைப் போலச் சுருட்டினால் நீண்ட நேரம் எரியுமே என்று 1895இல் யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யூகி. 1902இல் சுருள் விற்பனைக்கு வந்தது. ஒரு வீட்டுப் பெண்ணின் கண்ணில் பட்ட அந்த வடிவம் இன்றும் உலகெங்கும் மாறாமல் இருப்பதை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் நம் பாட்டிலில் இருப்பது அந்தப் பூவின் சாறு அல்ல. பூவின் பைரித்ரின் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும். அதன் அமைப்பைப் பார்த்து ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட முதல் பொருள் அல்லெத்ரின், ஆண்டு 1949. அதற்குப் பிறகு வந்தவை ஒவ்வொன்றும் கூடுதல் வீரியத்துக்காகவும், கூடுதல் நேரம் தாங்குவதற்காகவும், எளிதில் ஆவியாவதற்காகவும் திட்டமிட்டு உருவாக்கப்பட்டவை.

சுருளுக்குத் திரும்புவதை நான் கடுமையாக மறுக்கிறேன். மூடிய அறையில் எரியும் ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்கு இணை என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அதில் மருந்தின் பங்கு மிகச் சிறியது. மரத்தூளும் தேங்காய் ஓட்டுத்தூளும் கனன்று எரிவதால் வரும் புகைதான் அது. புகையையும் திரவ ஆவியையும் நிறுத்துப் பார்த்தால் திரவம் எவ்வளவோ மேல். நான் எதிர்ப்பது திரவத்தை அல்ல, அதைக் கணக்கில்லாமல் விடுவதை.

2 நவம்பர் 2025

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் படுக்கையறையிலேயே ஒரு சிறிய தொட்டி இருந்தது. மழைக்காலத்தில் கொசு பெருகியதால் ஒரு வாரம் சன்னல்களைச் சாத்திவிட்டு மெஷினை இரவு முழுவதும் ஓட்டினோம். ஆறாம் நாள் காலையில் மூன்று மீன்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தின. வாலை அசைக்கின்றன, ஆனால் நேராக நிற்க முடியவில்லை. செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. மாலைக்குள் மூன்றும் இறந்துவிட்டன. என் மகள் அன்று சாப்பிடவில்லை.

காரணத்தைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். பைரித்ராய்டுகள் மீன்களுக்கு மிகக் கொடிய நஞ்சு. நம்மைப் போல வேகமாக அவற்றைச் சிதைக்க மீனின் உடலால் முடியாது. தொட்டிக்குக் குமிழி விடும் பம்பு அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. இரவு முழுவதும் நாம் விட்ட மருந்தை அந்தப் பம்பே எடுத்து மீனுக்கு ஊட்டியிருக்கிறது. லேபிளில் மீன்களுக்கு நஞ்சு என்று அச்சிட்டிருந்ததை அன்று மாலைதான் படித்தேன். தொட்டி இருக்கும் அறையில் மெஷின் வேண்டாம். மூடி போட்டால் போதாது, பம்பு எந்த அறையின் காற்றை இழுக்கிறது என்று பாருங்கள்.

பூனை வளர்ப்பவர்களும் கவனிக்க வேண்டும். பைரித்ராய்டைச் சிதைக்க உதவும் ஒரு நொதி வழி பூனையின் கல்லீரலில் மிகப் பலவீனமானது. பெர்மெத்ரின் கலந்த, நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவி உயிரே போன நிகழ்வுகள் கால்நடை மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்தவை. மெஷின் விடுவது அதைவிட மிகக் குறைந்த அளவு என்றாலும், பூனையை அந்த மூடிய அறைக்குள் விட்டுவைக்க வேண்டாம்.

3 நவம்பர் 2025

இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். ரீஃபில் பாட்டிலைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே இருப்பது மண்ணெண்ணெய் வகைத் திரவம். விழுங்கும்போது நுரையீரலுக்குப் போகாதது வாந்தி எடுக்கும்போது போய்விடக்கூடும், அதுதான் பெரிய ஆபத்து. வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை சதவீதம் என்பதை மருத்துவர் அந்த லேபிளில் இருந்துதான் அறிய முடியும். தரைக்கு அருகில் உள்ள சாக்கெட்டில் மெஷினை மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

18 நவம்பர் 2025, இரவு

கேட்டவர் மீண்டும் எழுதியிருக்கிறார். பகல் நேர ஓட்டத்தை நிறுத்தி வலை கட்டிய பிறகு இரவில் கடி இல்லை. ஆனால் பகலிலும் மாலையிலும் அறையில் கொசு பறக்கிறது, மெஷினை மறுபடி பகலிலும் போடட்டுமா என்கிறார்.

போட வேண்டாம். கொசு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். சன்னல் எல்லாம் சாத்தியிருந்த வீட்டில் மாதக்கணக்கில் கொசு இருந்தது என்றால், அது வெளியில் இருந்து வரவில்லை, உள்ளேயே பிறக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இந்தச் சந்தேகம் முதல் நாளே எனக்கு வந்திருக்க வேண்டும். முட்டையில் இருந்து கொசு பறக்க வெப்பமான காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள நீர்த்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, பயன்படுத்தாத குளியலறையின் தரைத் துவாரம், சரியாக மூடாத தொட்டி ஆகிய நான்கையும் டார்ச் விளக்கோடு பாருங்கள்.

இன்னொன்று. பகலில் கடிப்பது ஏடிஸாக இருக்கலாம். கால்களில் வெள்ளை வளையங்கள் இருக்கும், காலையிலும் மாலை மங்குவதற்கு முன்னும் அதிகம் கடிக்கும். டெங்குவைப் பரப்புவது அதுதான். இரவில் மட்டும் மெஷின் போடுகிறவர்கள் தங்களுக்கு டெங்கு வராது என்று நம்புவது மிகவும் ஆபத்தான நம்பிக்கை.

20 நவம்பர் 2025

பயன்படுத்தாத குளியலறையின் தரைத் துவாரத்தில் கிடைத்துவிட்டதாம். சல்லடை மூடியைத் தூக்கி டார்ச் அடித்தபோது தேங்கிய நீரின் மேற்பரப்பில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன, வெளிச்சம் பட்டதும் எல்லாம் நெளிந்துகொண்டு அடியில் இறங்கின என்று எழுதியிருக்கிறார். மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கியது வாலில் உள்ள குழாயால் மூச்சு விடுவதற்காக. அனாபிலிஸ் புழு அப்படித் தொங்காது, நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும். அழுக்கு நீர்த் துவாரம், தலைகீழ்த் தொங்கல் என்றால் பெரும்பாலும் கியூலெக்ஸ் வகைக் கொசு.

இனி வாரம் ஒரு முறை அந்தத் துவாரத்தில் கொதிநீர் ஊற்றுங்கள், மீதி நாட்களில் அதை இறுக்கமாக மூடி வையுங்கள். வாரம் ஒரு முறை என்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஏழு நாள் கணக்கு கொசுவின் வளர்ச்சி வேகத்தில் இருந்து வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் ஒரு தலைமுறை பறந்துவிடும்.

7 டிசம்பர் 2025

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தால், ஆவி மருந்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும் என்று தோன்றுகிறது. அது நியாயம் ஆகாது.

இந்த மருந்துகளின் உண்மையான பயன் கொசுவைக் கொல்வதில் மட்டும் இல்லை. கொல்லப் போதாத சிறிய அளவிலும் கொசு திசை தடுமாறுகிறது, அறைக்குள் நுழையத் தயங்குகிறது, நுழைந்தாலும் கடிக்கும் நாட்டத்தை இழக்கிறது. பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரில், சூடேற்றாமல் தானாகவே டிரான்ஸ்ஃப்ளூத்ரினை வெளியிடும் தகடுகளை வீடுகளில் தொங்கவிட்டு நடத்திய சோதனையில், ஏடிஸ் பரப்பும் நச்சுயிரிகளின் (வைரஸ்களின்) தொற்று ஏறத்தாழ 34 சதவீதம் குறைந்தது. 2022இல் அந்த முடிவு வெளியானது. உலக சுகாதார நிறுவனமும் 2025இல் இவ்வகை விரட்டிகளை மலேரியாத் தடுப்புக்கு நிபந்தனையோடு பரிந்துரைத்திருக்கிறது. மற்ற தடுப்பு முறைகளோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்காக, அவற்றுக்கு மாற்றாக அல்ல.

மூன்றில் ஒரு பங்கு தொற்று குறைவது சிறிய காரியம் அல்ல. ஆனால் மீதி மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கிறது. அதற்குத்தான் வலையும், சன்னல் தடுப்பும், வாராந்தரக் கொதிநீரும். அதோடு, அந்தச் சோதனையில் இருந்தது சூடேறும் மெஷின் இல்லை என்பதால் அந்த எண்ணை அப்படியே நம் பாட்டிலுக்குப் பொருத்த முடியாது.

அக்டோபர் 9 அன்று நான் எழுதியதில், கொசு சாகவில்லை என்பதையே மருந்து பலிக்கவில்லை என்பதற்கு அடையாளமாகக் கொண்டிருந்தேன். அதையும் திருத்திக்கொள்கிறேன். காலையில் தரையில் எத்தனை கொசு கிடக்கிறது என்று எண்ணுவதைவிடக் குழந்தையின் உடம்பில் எத்தனை தடிப்பு என்று எண்ணுவதே சரியான அளவு. தரையில் கிடப்பவற்றை உயிரற்றவை என்று விட்டுவிடவும் வேண்டாம். மயங்கி விழுந்தவற்றில் சில, ஓரிரு மணி நேரத்தில் எழுந்துவிடும், கூட்டி நசுக்கிவிடுங்கள்.

ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டும் கருவியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டின் ஆய்வு, அவை கடியைக் குறைக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பணத்தில் வலை வாங்குங்கள்.

11 ஜனவரி 2026

அக்டோபரில் கொடுத்த 0.114 கிராம் என்ற எண் பழைய நோட்டில் இருந்து எடுத்தது, அதுவும் புதுப் பாட்டிலின் முதல் பத்து இரவுகளுக்கு உரியது. அது உறுத்திக்கொண்டே இருந்ததால் புதுப் பாட்டில் ஒன்றை, எங்கள் கூடத்தில் சன்னலைத் திறந்து வைத்து, மறுபடி முப்பது இரவுகள் ஓட்டி எடை பார்த்தேன். இரவுக்கு எட்டு மணி நேரம். முதல் பத்து இரவில் 9.3 கிராம், அடுத்த பத்தில் 8.6, கடைசிப் பத்தில் 5.2 கிராம் மட்டும்.

இருபது இரவுகளுக்குப் பிறகு ஏன் இப்படி இறங்கியது என்று குச்சியைப் பார்த்தேன். நுனியில் கால் அங்குல அளவுக்குப் பழுப்பு நிறத்தில் கெட்டியான ஒரு பொருக்கு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டவும் வரவில்லை. நாள்தோறும் சூடேறியதில் ஆவியாகாத பிசுக்கும் அறைத் தூசியும் சேர்ந்து துளைகளை அடைத்திருக்கின்றன. மெஷின் இருந்த சாக்கெட்டுக்கு மேலே புத்தக அலமாரி, அதில் இருந்து தூசி விழுகிறது. இப்போது மெஷினைச் சன்னலுக்கு அருகே, காற்று உள்ளே வரும் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வரும் காற்று ஆவியை அறை முழுவதும் எடுத்துச் செல்கிறது, தலைமாட்டில் தேங்கவிடுவதில்லை.

ஆகவே முந்தைய கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். அடைப்பு விழுந்த பாட்டில் 315 மணி நேரத்தைத் தாண்டியும் வரலாம். பாட்டிலில் திரவம் கால் பங்கு இருக்கும்போதே வீரியம் பாதியாகக் குறைந்திருக்கக்கூடும். அப்போது கடி கூடினால் இரண்டாவது மெஷினைத் தேட வேண்டாம், குச்சியைப் பாருங்கள். குச்சி பாட்டிலோடு சேர்ந்தே வருவதால் பாட்டிலை மாற்றினால் போதும்.

அந்த அலமாரித் தூசிதான் காரணமா என்று உறுதி செய்ய இன்று இன்னொரு பாட்டிலைத் தொடங்கியிருக்கிறேன். அடியில் பேனாவால் இன்றைய தேதியையும் 76.2 கிராம் என்ற எடையையும் எழுதி ஒட்டியிருக்கிறேன். பத்து இரவுகளுக்கு ஒரு முறை நிறுத்து எழுதுகிறேன்.